எல்லாம் போகட்டும், பேசுவதற்கு ஒரு போன் இருக்கட்டும்

டி.வி. இல்லாமல் இருந்துவிடுவேன். எங்கள் வீட்டில் அது பாதி நாள் அணைந்துதான் கிடக்கிறது. காலையில் செய்தித்தாள் வராவிட்டால் காபி இறங்காது, ஆனாலும் பொழுது போய்விடும். வாட்ஸ்அப் ஒரு வாரம் நின்றுபோனால் யாருடைய குடியும் முழுகிவிடாது. ஆனால் ஓர் எண்ணை அழுத்தி, அந்தப் பக்கம் மணி அடித்து, ஒரு குரல் எடுத்துப் பேசுகிறதே, அந்தச் சாதாரண போன் பேச்சு இல்லாமல் திருநெல்வேலிச் சீமையில் யாரும் குடும்பம் நடத்த முடியாது. முகம் தெரிய வேண்டாம், படம் வேண்டாம், இணையம் வேண்டாம். குரல் போதும்.

இதைச் சொன்னால் வீட்டுப் பிள்ளைகள் ஒப்புக்கொள்வதில்லை. 'இப்போது யார் போன் பண்ணிப் பேசுகிறார்கள்? முதலில் செய்தி அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் அழைக்க வேண்டும், திடீரென்று அழைப்பது மரியாதை இல்லை' என்கிறார்கள். நகரத்து அலுவலகத்துக்கு அது சரியாக இருக்கலாம். நான் பேசுவது வேறு மனிதர்களைப் பற்றி.

நம்முடைய ஊர்கள் ஆளனுப்பிப் பிழைக்கும் ஊர்கள். சென்னையில் மளிகைக் கடை வைத்த அண்ணாச்சிகள் இங்கிருந்து போனவர்கள். மும்பை தாராவியில் சந்துக்குச் சந்து நம் பக்கத்து ஆட்கள் இருக்கிறார்கள். கோயம்புத்தூர், திருப்பூர் ஆலைகளுக்குப் போனவர்களுக்குக் கணக்கில்லை. மேலப்பாளையம், கடையநல்லூர், ஏர்வாடி பக்கம் போனால் வளைகுடா நாட்டில் ஒருவராவது இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எந்தத் தெருவை எடுத்தாலும் பாதிக் குடும்பம் இங்கே, மீதிக் குடும்பம் வேறெங்கோ. நடுவில் இருப்பது போன்தான்.

போன் வருவதற்கு முன்பே இந்த மக்கள் குரலைத்தான் தேடினார்கள். வளைகுடாவுக்குப் போனவர்கள் கடிதத்தோடு கேசட்டும் அனுப்பிய காலம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் முழுக்கப் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அதை டேப் ரிக்கார்டரில் போட்டு வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கும். கடிதம் வந்தால் படித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும். கேசட்டுக்கு அது தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு மகனின் குரல் நேரே வந்து சேர்ந்தது.

பிறகு எஸ்.டி.டி. பூத் வந்தது. மஞ்சள் பலகை, கண்ணாடிக் கதவு வைத்த ஓர் ஆள் நிற்கும் கூண்டு, உள்ளே வியர்த்துக் கொட்டும் புழுக்கம், தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். இரவு ஏற ஏறக் கட்டணம் குறையும் என்பதால் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே பேசுகிறவரின் கண் மீட்டரை விட்டு நகராது. சொல்ல வேண்டியதை எல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். எண் ஓட ஓட அத்தனையும் மறந்துபோகும். துக்கச் செய்தி சொல்ல வந்தவர்கள் அழுது முடிக்கும் முன்னே போனை வைத்துவிட்டு, வெளியே வந்து மீதியை அழுததைப் பார்த்திருக்கிறேன். பேச்சுக்கு விலை இருந்த காலம் எவ்வளவு கொடுமையானது என்று அந்தக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களுக்குத் தெரியும்.

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் நடுவே பேசப்பட்டது. அப்போது நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை கட்டணம், வருகிற அழைப்புக்கும் காசு. அது நம் ஊருக்கான பொருளாகவே இல்லை. 2003 மே மாதம் வருகிற அழைப்புகள் இலவசமாயின. என் கணக்கில் கிராமத்துக் குடும்பங்களை மாற்றியது அதுதான். ஸ்மார்ட்போன் எல்லாம் அதற்குப் பின்னால்தான். காசில்லாத ஆத்தாவும் கையில் ஒரு போனை வைத்துக்கொண்டு, பேரன் பேசுவான் என்று காத்திருக்கலாம் என்ற நிலை அன்றைக்குத்தான் வந்தது.

முக்கூடல் பக்கம் இருக்கும் என் பெரியம்மையின் வீட்டுத் திண்ணையை நீங்கள் பார்க்க வேண்டும். மடியில் பீடித்தட்டு. பக்கத்தில் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த பட்டன் போன். பெரியம்மைக்கு எழுத்துத் தெரியாது. இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் மும்பையில் இருக்கும் மூத்த மகன், மூன்றாம் எண்ணுக்குத் திருப்பூரில் மகள், நான்குக்கு நான். பட்டன்களில் அச்சான எண்கள் தேய்ந்துபோய்விட்டன. விரலுக்கு இடம் தெரியும். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நனைத்த இலையை அளவுக்கு வெட்டுவதும், தூளைப் பரப்பிச் சுருட்டுவதும், நூலைச் சுற்றுவதும் ஒன்றும் நிற்காது. பேச்சும் நிற்காது. 'மழை உண்டா அங்கே? பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா? குரல் ஏன் கட்டியிருக்கிறது, மிளகு தட்டிப் போட்டுக் கசாயம் குடி.' ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற மகன் தனக்குச் சளி என்று சொல்லவே இல்லை. பெரியம்மைக்குக் கேட்டுவிட்டது.

வீடியோ அழைப்பு எவ்வளவோ நல்லதுதான், பேத்தி தவழ்வதைக் காட்டுவதற்கு. ஆனால் அதற்கு ஒரு கையும் இரண்டு கண்ணும் வேண்டும். பீடி சுற்றுகிறவளுக்கும், அடுப்படியில் நிற்கிறவளுக்கும், வயலில் தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கும் அது ஓய்வு நாள் காரியம். காது மட்டும் கேட்கிற சேவைதான் வேலை செய்து சாப்பிடுகிறவர்களோடு நாள் முழுக்கக் கூட வரும்.

வளைகுடாவில் இதற்கு இன்னொரு முடிச்சு இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரலைப் பதிவு செய்து அனுப்பலாம். அழைத்துப் பேச முடியாது, அங்கே அதற்குத் தடை. அனுமதி பெற்ற வேறு செயலிகள் வழியாகத்தான் பேசுகிறார்கள். இணையம் வந்துவிட்டது, இனி பேச்சுக்குப் பஞ்சமே இல்லை என்று சொல்கிறவர்கள் துபாயில் மகனை விட்டிருக்கும் ஒரு தாயிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

இப்போது 2023 டிசம்பருக்கு வருகிறேன். 17ஆம் தேதி பிடித்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஓர் ஆண்டு முழுக்கப் பெய்ய வேண்டிய அளவு அது. தாமிரபரணி இரண்டு கரையும் புரண்டு ஓடியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுபோய், ஏறக்குறைய 800 பயணிகள் சுற்றிலும் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். என் தங்கையை ஏரல் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. பாளையங்கோட்டையில் இருந்த எனக்கு விட்டு விட்டாவது சிக்னல் இருந்தது. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை.

அந்த நாட்களில் எனக்குச் செய்திக்குப் பஞ்சமில்லை. டி.வி.யில் ஹெலிகாப்டர் பறந்தது. போனில் வெள்ளப் படங்கள் வந்து குவிந்தன. எங்கோ எப்போதோ எடுத்த படங்களும் அவற்றில் கலந்திருந்தன. உலகம் முழுக்கத் தாமிரபரணியைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் தங்கை உயிரோடு இருக்கிறாளா என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. திரும்பத் திரும்ப அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக அந்தப் பதிவுக் குரல் மட்டும் பதில் சொன்னது.

கடைசியில் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. 'அண்ணாச்சி, ஏரல் பக்கம் இருந்து பேசுகிறேன். உங்கள் தங்கச்சி வீட்டில் எல்லோரும் மாடியில் பத்திரமாக இருக்கிறார்கள். சாப்பாடு கிடைத்துவிட்டது. உங்களிடம் சொல்லச் சொன்னார்கள். நான் வைக்கட்டுமா, இன்னும் நிறையப் பேருக்குச் சொல்ல வேண்டும்.' அவ்வளவுதான். யார் பெற்ற பிள்ளையோ. தெருவில் வீடு வீடாகக் கேட்டு, பள்ளிக்கூட நோட்டுத் தாளில் எண்களை எழுதிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்து, சிக்னல் கிடைத்த ஒரு மேட்டில் நின்று ஒவ்வோர் எண்ணாகப் பேசியிருக்கிறான். பிறகு தங்கை சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். என் வாழ்க்கையில் எனக்கு வந்த அழைப்புகளில் அதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

ஏன் சிக்னல் அப்படி ஒட்டுமொத்தமாகப் போனது? அதைப் பலர் விதி என்று விட்டுவிடுகிறார்கள். விதி இல்லை. செல்போன் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் டீசல் ஜெனரேட்டர். சாலை அறுந்துபோனால் டீசல் வண்டி வராது. பேட்டரியும் ஜெனரேட்டரும் தரை மட்டத்தில் இருந்தால் தண்ணீர் அவற்றை முதலிலேயே முடித்துவிடும். கோபுரம் கோபுரமாகவே நிற்கும், உயிர் இருக்காது. கோபுரங்களை இணைக்கும் ஃபைபர் இழைக் கம்பி பாலத்தோடு அடித்துப்போனாலும் இதே கதைதான்.

பழைய லேண்ட்லைனில் ஒரு நன்மை இருந்தது. செம்புக் கம்பி வழியாகவே தொலைபேசி நிலையத்தின் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் வந்துகொண்டிருக்கும். வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் ரிசீவரை எடுத்தால் 'ங்' என்று கேட்கும். இப்போது ஃபைபர் இணைப்புக்கு மாறியவர்கள் வீட்டு மோடத்துக்குக் கரண்ட் இல்லாவிட்டால் போனும் இல்லை. பழையதற்கே திரும்பிப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த மோடத்துக்கு ஒரு சிறிய பேட்டரி வாங்கி வையுங்கள் என்கிறேன். ஆற்றங்கரை ஊர்களில் உள்ள கோபுரங்களின் பேட்டரிகளை வெள்ள மட்டத்துக்கு மேலே மேடை கட்டி ஏற்றுங்கள் என்கிறேன். ஒரு நிறுவனத்தின் கோபுரம் செத்தால் இன்னொரு நிறுவனத்தின் கோபுரத்தில் எல்லோருடைய போனும் பேசும்படி விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு நம் நாட்டில் ஏற்கெனவே உண்டு. புயல் காலங்களில் அரசு அதற்கு உத்தரவிட்டிருக்கிறது. தண்ணீர் வடிந்த பிறகு அது வந்து பயனில்லை. எச்சரிக்கை வந்த அன்றே நடக்க வேண்டும்.

காசு விஷயமும் சொல்லியாக வேண்டும். பெரியம்மையின் பட்டன் போனில் இணையம் என்பதே கிடையாது. ஆனாலும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாத டேட்டாவுக்கும் சேர்த்துத்தான் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தோம். செய்யாவிட்டால் வருகிற அழைப்பும் நின்றுவிடும். 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், பேசுவதற்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டம் ஒன்றாவது எல்லா நிறுவனங்களும் தர வேண்டும் என்று விதி செய்தது. மனதார வரவேற்றேன். ஆனால் 2025 ஜனவரியில் பெரிய தனியார் நிறுவனங்கள் கொண்டுவந்தவை 84 நாள், 365 நாள் என்று நீண்ட கணக்குகள். குறைந்ததற்கே நானூறு ரூபாய்க்கு மேல். அப்போது மாதம் 1,200 ரூபாயாக இருந்த முதியோர் ஓய்வூதியத்தில் அரிசி, மருந்து எல்லாம் பார்க்கிற ஓர் ஆச்சி, அதில் மூன்றில் ஒரு பங்கைத் தூக்கி ஒரே நாளில் கொடுக்க முடியுமா? மாதத்துக்கு ஒரு சிறிய தொகையில், பேச்சு மட்டும் என்று ஒரு திட்டம் வேண்டும். குடிதண்ணீர்க் குழாய் போல அடிப்படைத் தேவையாக அதை வைக்க வேண்டும். இதைக் கேட்பதற்கு நாம் கூச்சப்படவே தேவையில்லை.

பாபநாசம் மலை மேலே காணி பழங்குடி மக்கள் குடியிருப்புகளுக்குப் போகும் வழியில் சிக்னல் அறுந்து அறுந்து வரும். அங்கே இரவில் ஒருவருக்குப் பாம்பு கடித்தால் 108க்குச் சொல்வதற்கு ஒரு நிமிடப் பேச்சுதான் தேவை. அதிவேக இணையத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்துவிட்டுப் பேசட்டும்.

நம் கையிலும் கொஞ்சம் வேலை இருக்கிறது. இன்றைக்கு யாருக்கும் யாருடைய எண்ணும் மனப்பாடமாக இல்லை. போன் நனைந்துபோனால் அதோடு எல்லா உறவும் போச்சு. தங்கை வீட்டில் இப்போது எங்கள் எல்லோருடைய எண்களையும் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு மாடி அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு பட்டன் போனும் தனியாகச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார்கள். அதன் பேட்டரி நாள் கணக்கில் நிற்கும். அக்டோபரில் பருவமழை தொடங்கும் முன் நீங்களும் செய்துவிடுங்கள்.

ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஆத்தூர் பக்கத்துக்காரர்கள் எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். அந்த வெள்ளத்தில் உங்கள் ஊர்க் கோபுரம் எப்போது அணைந்தது, எப்போது திரும்ப வந்தது, எந்த இடத்தில் நின்றால் கடைசி வரை சிக்னல் கிடைத்தது என்பதை நினைவிருக்கும் வரை எழுதி அனுப்புங்கள். ஊர்வாரியாகத் தொகுத்து, தூத்துக்குடி, திருநெல்வேலி இரண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலும் திங்கட்கிழமை மனு நாளில் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். கூட வருகிறவர்கள் வரலாம்.