அம்மாயி அகதியாக வரவில்லை

ஞாயிற்றுக்கிழமை என் அம்மாவைப் பெற்ற அம்மாயியின் படத்திறப்பில் மைக்கைப் பிடித்தவர் பேசியதை உங்களில் பலர் நேரில் கேட்டீர்கள். வராதவர்கள் காணொளியில் பார்த்துவிட்டீர்கள். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. "அகதியாக வந்த அம்மாவுக்கு இந்த மண் சோறு போட்டது" என்றார். கூட்டம் கை தட்டியது. மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த என் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். மூன்று நாளாக அந்தக் குனிந்த தலைதான் என் கண்ணில் நிற்கிறது.

அம்மாயி அகதியாக வரவில்லை. பிழைப்புத் தேடியும் வரவில்லை. அனுப்பப்பட்டார்.

1938இல் இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர் அவர். தமிழ்நாட்டில் துறையூர்ப் பக்கத்திலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் போனவர் அவருடைய தாத்தா. அம்மாயியைப் பெற்றவரே இலங்கையில்தான் பிறந்தார். 1948இல் அந்த நாடு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், பத்து வயதுச் சிறுமியை நாடற்றவளாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இப்படி நாடற்றுப் போனவர்களைப் பிரித்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கொழுந்து நிறுக்கும்போதுகூட, கூடை சுமந்தவள் பக்கத்தில் நின்று தராசு முள்ளைப் பார்ப்பாள். இந்த நிறுவையில் அதுவும் இல்லை.

வந்தவர்களுக்கு அரசு ஏட்டில் "தாயகம் திரும்பியோர்" என்று பெயர். ஒருநாளும் கண்ணால் பாராத ஊருக்கு ஒருவர் எப்படித் திரும்ப முடியும்?

1972இல் அம்மாயிக்கு 34 வயது. ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு கம்பளி, பத்து வயது மகள், அதாவது என் அம்மா. ஹட்டன் ஸ்டேஷனில் ஏறினார்கள். மலையகத்தில் அந்த ரயிலுக்கு 'அழுகைக் கோச்சி' என்று பெயர். பெட்டிக்குள் இருப்பவர்களும் அழுவார்கள், மேடையில் நிற்பவர்களும் அழுவார்கள். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரியில் கூடலூர். ஊட்டிக் குளிர் தெரிந்தவர்கள் என்று நினைத்து அனுப்பினார்களோ என்னவோ, அம்மாயிக்குக் குளிர் புதிதில்லை. "சிலோன்காரி" என்று கூப்பிட்டதுதான் புதிது. அங்கே இருந்தவரை "இந்தியாக்காரி". என் அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்திலும் "சிலோன்காரி" என்றுதான் பெயர். ஞாயிற்றுக்கிழமை குனிந்த தலை அன்றைக்குக் குனியப் பழகியது.

இப்போது அந்தச் சோற்றுக்கு வருகிறேன். "அரசு வேலை கொடுத்தது, வீடு கொடுத்தது, கடன் கொடுத்தது, அதை மறக்கலாமா" என்று சிலர் கேட்பீர்கள். கொடுத்தது, மறுக்கவில்லை. 1968இலிருந்து நீலகிரியில் எங்கள் ஆட்களுக்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. ஆனால் யார் உருவாக்கினார்கள்? காடாகக் கிடந்த சரிவில் குழி வெட்டி, நாற்று ஊன்றி, அட்டைக்கடியோடு அதைக் கொழுந்து கிள்ளும் தோட்டமாக்கியது அம்மாயியும் அவரோடு கப்பலில் வந்தவர்களும்தான். 26 வருடம் கிள்ளினார். மண் அவருக்குச் சோறு போடவில்லை. அவர் மண்ணில் உழைத்தார், கூலி வாங்கினார், அந்தக் கூலியில் உலை வைத்தார். இதற்குப் பெயர் தர்மம் இல்லை.

கடைசிக் காலத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கீரை பறிப்பார். எண்பது வயதுக்கு மேல், கண் மங்கிவிட்டது. பார்க்கவே வேண்டியதில்லை, இரண்டு கையும் தனித்தனியாக ஓடும். கை நிறைந்ததும் தானாகத் தோளுக்கு மேலே போய்ப் பின்னால் வீசும். அங்கே கூடை இல்லை. கீரை தரையில் விழும். நான் பின்னாலேயே போய்ப் பொறுக்குவேன். கூடைக் கயிறு அழுத்திய உச்சந்தலையில் முடி கடைசிவரை முளைக்கவே இல்லை. படத்திறப்புப் படத்தில் அந்த இடத்தை ஸ்டுடியோக்காரர் கறுப்பாக்கிவிட்டார்.

"அகதி என்பது இழிவான சொல்லா?" என்று கேட்பீர்கள். இல்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிருக்குப் பயந்து படகில் வந்தவர்கள் பட்டதை நான் அறிவேன். அது அவர்களுடைய கதை. இது அம்மாயியின் கதை. ஒருவருடைய வரலாற்றைத் துடைத்துவிட்டு இன்னொருவருடையதை ஒட்டாதீர்கள்.

"துக்க வீட்டில் வாய் தவறி வந்த சொல், பெரிதுபடுத்தாதே" என்று நேற்று என் மாமாவே சொன்னார். வாய் தவறவில்லை மாமா. என் அம்மா பள்ளிப் படிப்பு முடித்துச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனபோது ஓர் அலுவலகத்தில் பூர்வீக ஊரில் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். துறையூர்ப் பக்கம் போனால் "உங்களை யாரென்றே தெரியாது" என்றார்கள். நான்கு முறை பஸ் ஏறி இறங்கி, அந்த வருடம் மேல்படிப்பு போயே போனது. அங்கேயும் யாருக்கும் வாய் தவறவில்லை. நீ இந்த ஊர்க்காரி இல்லை என்கிற அதே சொல்தான், ஐம்பது வருடமாக வேறு வேறு வாயிலிருந்து வருகிறது. இப்போது படத்துக்கு முன்னாலும் வந்துவிட்டது.

மற்றவர்களைச் சொல்கிறேன், நான் என்ன செய்தேன்? அம்மாயிக்கு ஒரு தங்கை இருந்தார். தங்கை கணவர் இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்ததால் அவர் 3,00,000 கணக்கில் அங்கேயே நின்றுவிட்டார். ஹட்டன் மேடையில் பிரிந்த இருவரும் பிறகு பார்த்துக்கொள்ளவே இல்லை. அம்மாயி சாயங்காலத்தில் பாலில்லாத வெறுந்தேத்தண்ணியோடு உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்து நக்கிக்கொண்டே, "தங்கச்சி இந்நேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்திருக்கும்" என்பார். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேர விமானம். வேலைக்குச் சேர்ந்த வருடம், "அடுத்த வருடம் கூட்டிப்போகிறேன் அம்மாயி" என்றேன். ஒவ்வொரு வருடமும் அதையே சொன்னேன். 2014இல் அங்கே தங்கை இறந்த செய்தி வந்தது. அதற்குப் பிறகு அம்மாயி என்னிடம் கேட்கவே இல்லை.

தங்கையின் மகள் டிக்கோயாவில் இருக்கிறார். காணொளி அவருக்கும் போயிருக்கிறது. நேற்றிரவு குரல்செய்தி அனுப்பியிருந்தார்: "பெரியம்மாவை அங்கே இத்தனை வருஷமும் அப்படியா கூப்பிட்டார்கள்?"

இன்னும் பதில் அனுப்பவில்லை.