ஏறிச்சா பாரு தம்பி

புதுச்சேரி பாகூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினேழு வருஷம் ஆகிறது. புது ஆட்சி வேலையைத் தொடங்கிவிட்டதா என்பது எனக்கு டிவியில் தெரிவதற்கு முன்னால் கடை வாசலில் தெரிந்துவிடும். ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்புக் முதல் பக்கம், மூன்றிலும் ரெண்டு ரெண்டு காப்பி என்று ஒருநாள் காலையில் பத்துப் பேர் வந்து நின்றால், முதல் நாள் சாயங்காலம் எதையோ அறிவித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அறிவித்தது வந்து சேர்ந்ததா என்பதும் இங்கேதான் தெரியும். அதே ஆட்கள் சில மாதம் கழித்து செல்போனை நீட்டுவார்கள். "மெசேஜ் சத்தம் கேட்டுச்சு, ஏறிச்சா பாரு தம்பி." முக்கால்வாசி நேரம் அது ரீசார்ஜ் முடியப் போகிறது என்று வந்த மெசேஜாக இருக்கும்.

இதை எழுதக் காரணம் என் தம்பி மகன். 2025 ஜனவரி 1ஆம் தேதி புதுச்சேரியில் பெட்ரோல், டீசல் மீதான வாட் வரியை ஏற்றினார்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 2 ரூபாய் கூடியது. அன்று ராத்திரியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டான். 2021 மே மாதம் இதே பக்கத்தில் நான் எழுதியது. "டெல்லியில் இருக்கும் கட்சிக்கு இங்கேயும் ஆட்சியில் பங்கு. இனிமேல் ஃபைல் ராஜ்நிவாஸில் தூங்காது. அரிசி வரும், வேலை வரும்." கீழே அவன் எழுதியது ஒரே வரி: "பெரியப்பா, வந்துச்சா?"

பையன் கேட்டதில் தப்பில்லை. அதை நான் ஏன் எழுதினேன் என்று யோசித்தால், அதற்கு முந்தைய ஐந்து வருஷம்தான் காரணம். காங்கிரஸின் நாராயணசாமி முதல்வர், கிரண் பேடி டெல்லி அனுப்பிய துணைநிலை ஆளுநர், ராஜ்நிவாஸ் அவர் மாளிகை. எதைக் கேட்டாலும் "ஃபைல் அங்க இருக்கு" என்பார்கள். 2019 பிப்ரவரியில் முதல்வரே கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணா உட்கார்ந்ததை நாடே பார்த்தது. இலவச அரிசியை அரிசியாகவே கொடுப்பதா, பணமாகப் போடுவதா என்ற சண்டை உயர் நீதிமன்றம் வரை போனது. அப்புறம் 2021 பிப்ரவரியில் அந்த ஆட்சியும் கவிழ்ந்தது. அதற்குப் பிறகு என்.ஆர். காங்கிரஸ் 10, பாஜக 6 என்று ஜெயித்து ஒரு கூட்டணி வந்ததும், சரி, இனி அந்தச் சண்டை இல்லை என்றுதான் தோன்றியது. எனக்குப் பாஜக மீது தனிப் பிரியம் எதுவும் கிடையாது. ஃபைல் நகரட்டும் என்ற ஆசை, அவ்வளவுதான்.

2021 மே 7 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலையில் சென்னையில் ஸ்டாலின் பதவியேற்றார், மதியம் இங்கே என்.ஆர். காங்கிரஸின் ரங்கசாமி. ஒரே நாள், ரெண்டு புது ஆட்சி. பாகூர்க்காரனுக்கு ரெண்டுமே வீட்டு விஷயம். முள்ளோடை எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. என் அக்காவைக் கொடுத்திருப்பது நெல்லிக்குப்பத்தில். அவள் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். அன்று சாயங்காலமே போன். "டேய், நாளையிலேர்ந்து டவுன் பஸ்ல எங்களுக்கு டிக்கெட் கிடையாதாம். ஆவின் பால் மூணு ரூபா குறையுதாம். அட்டைக்கு நாலாயிரமாம், மொதல்ல ரெண்டாயிரம். உங்க ஆள் என்ன கையெழுத்துப் போட்டாரு?"

நான் ஏதோ சமாளித்தேன். அக்காவின் சந்தோஷம் ரெண்டு நாள்தான். 8ஆம் தேதி இலவசப் பயணம் ஆரம்பம், 10ஆம் தேதி முழு ஊரடங்கு ஆரம்பம். பஸ்ஸே ஓடவில்லை. அந்தப் பக்கம் மறுபடி பஸ் ஓட ஜூன் கடைசி ஆனது. "டிக்கெட்டை எடுத்துட்டான், கூடவே பஸ்ஸையும் எடுத்துட்டான்" என்று சிரிப்பாள். ஆனால் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து இன்றைக்கு வரை போக வர அவளுக்கு மிச்சம்தான். சில டிரைவர் பெண்கள் மட்டும் நிற்கிற ஸ்டாப்பில் நிறுத்தாமல் போவான், சில கண்டக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், அதெல்லாம் இருந்தது. இருந்தாலும் அதில் ஏறிச்சா, இறங்கிச்சா என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பஸ் வந்தது, ஏறினாள், டிக்கெட் கொடுத்தான், காசு கேட்கவில்லை. ஒரு திட்டம் வந்து சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கம் கதை வேறு. பதவியேற்ற ரெண்டாம் நாளே முதல்வருக்குக் கொரோனா, சென்னையில் ஆஸ்பத்திரி. அவர் தேறி வந்தார். ஆனால் மந்திரிகள் வரவில்லை. யாருக்கு எத்தனை மந்திரி, துணை முதல்வர் உண்டா இல்லையா என்று ரெண்டு கட்சிக்கும் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. அதற்கு நடுவே மூன்று பாஜககாரர்களை நியமன எம்எல்ஏ ஆக்கியது மத்திய அரசு. ஓட்டுப் போட்டு வந்த ஆறு, ஓட்டில்லாமல் வந்த மூன்று. டீக்கடையில் இதைப் பற்றி நடந்த கணக்குப் பாடம் இருக்கிறதே, எங்கள் ஊரில் ப்ளஸ் டூ ஃபெயில் ஆனவன்கூட அரசியல் சட்டம் பேசினான். கடைசியில் ஜூன் 27இல்தான் ஐந்து மந்திரிகள் பதவியேற்றார்கள். ஐம்பது நாள். கொரோனா உச்சத்தில் இருந்த ஐம்பது நாள். அந்த நாட்களில் கடைக்கு வந்த ஒரு விவசாயி பயிர் நிவாரண மனு ஒன்றை எழுதச் சொன்னார். "பெறுநர்" என்று டைப் அடித்துவிட்டு, "யாருக்குண்ணே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "மாண்புமிகுன்னு மட்டும் போட்டு வை. பேரு வந்ததும் எழுதிக்கலாம்."

அந்த மனு ரொம்ப நாள் என் கம்ப்யூட்டரில் அப்படியே கிடந்தது.

நிவாரணமாக அட்டைக்கு 3,000 ரூபாய் என்று இங்கேயும் அறிவித்தார்கள். உடனே எல்லையில் ஒப்பீடு: "அந்தப் பக்கம் நாலு, இந்தப் பக்கம் மூணு." அக்காவுக்கு டோக்கன் கொடுத்து, ரேஷன் கடையில் வரிசையில் நிற்கவைத்துக் கையில் நோட்டாகக் கொடுத்தார்கள். எங்களுக்கு வங்கிக் கணக்கு. ஏன் என்றால் கொடுப்பதற்கு எங்களிடம் ரேஷன் கடை இல்லை. கட்டடம் இருந்தது, பூட்டு இருந்தது, பல மாதம் சம்பளம் வாங்காத ஊழியர்கள் இருந்தார்கள். திறந்த கடை இல்லை.

இந்த ரேஷன் விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஏழைகளின் சிவப்பு அட்டைக்கு மாதம் 20 கிலோ, மற்றவர்களின் மஞ்சள் அட்டைக்கு 10 கிலோ இலவச அரிசி. அதற்குப் பதில் 600 ரூபாய், 300 ரூபாய் என்று கணக்கில் போட்டார்கள். கிலோவுக்கு 30 ரூபாய் கணக்கு. பேப்பரில் பார்த்தால் ரொம்ப நியாயம்: கடத்தல் இல்லை, புழு அரிசி இல்லை, பிடித்த அரிசியை வாங்கிக்கொள்ளலாம். நானே அந்தப் பக்கம் வாதாடி இருக்கிறேன். என் அம்மாதான் ஒரே கேள்வியில் வாயை அடைத்தாள். "முப்பது ரூபாய்க்கு நம்ம ஊர்ல எந்தக் கடையில அரிசி தர்றான், போய் வாங்கிட்டு வா."

இத்தனைக்கும் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாடப் புத்தகத்தில் போடுகிற ஊர் எங்களுடையது. ஏரி நிறைந்தால் பார்க்கிற பக்கமெல்லாம் நெல். அறுப்பு முடிந்தால் லாரி லாரியாகப் போகும். அந்த ஊர்க் கிழவி, அரிசிக்கான காசு ஏறியதா என்று என்னிடம் செல்போனை நீட்டினாள்.

காசு ஏறினாலும் கைக்கு வருமா என்பது வேறு. கடைக்குப் பின் தெருவில் ஓர் அம்மா இருக்கிறார்கள், தனிக்கட்டை. 600 ஏறியதாக மெசேஜ் இருந்தது. ஏடிஎம்மில் போட்டுப் பார்த்தால் இருப்பு 212. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கி அபராதம் பிடித்திருந்தது. எந்த வங்கி என்பதை விடுங்கள், எல்லாம் ஒரே மாதிரிதான். அன்றைக்கு அந்த அம்மா யாரைத் திட்டினார்கள் தெரியுமா? ரங்கசாமியை. "அரிசியா குடுத்திருந்தா பேங்க்காரன் அள்ளித் தின்னிருப்பானா?" இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லக்கூடிய பொருளாதார நிபுணர் யாராவது இருந்தால் கடைக்கு வரட்டும், டீ வாங்கித் தருகிறேன்.

"ஜனங்களுக்கு எல்லாம் ஓசியில் வேண்டும், அதனால்தான் புது ஆட்சி வந்ததும் கையை நீட்டுகிறார்கள்" என்று எழுதுகிற நண்பர்கள் என் பட்டியலிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வருவதைவிடச் சிரிப்புதான் வருகிறது. கடையில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத் தெரியும், அறிவித்ததற்காக யாரும் கைதட்டுவதில்லை. அறிவிப்பு வந்த அன்று ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் முகத்தில் சந்தோஷமே இருக்காது. ஆஸ்பத்திரியில் டோக்கன் போடுகிறவன் முகம் மாதிரி இருக்கும். பேர் விட்டுப் போய்விடக் கூடாதே என்ற பயம் மட்டும்தான். இதைப் "புதிய அரசின் திட்டத்துக்கு அமோக வரவேற்பு" என்று எழுதுகிறார்கள்.

கூட்டணி ஆட்சியில் இன்னொரு வேடிக்கை. வந்ததற்கு எல்லாருக்கும் பங்கு, வராததற்கு யாருமே இல்லை. பெட்ரோலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் இங்கே வாட் வரியில் 3 சதவீதம் குறைத்தார்கள். நவம்பர் தீபாவளிக்கு மத்திய அரசு பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 10 ரூபாய் கலால் வரியைக் குறைத்ததும், புதுச்சேரி தன் பங்குக்கு இன்னொரு 7 ரூபாய் குறைத்தது. கன்னியக்கோயில் பங்கில் கடலூர் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. டிஎன் 31 நம்பர் வண்டிக்குப் பின்னால் நின்று என் சொந்த ஊரில் நான் பெட்ரோல் போட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த வாரம் ரெண்டு கட்சியும் தனித்தனியாக நன்றி போஸ்டர் ஒட்டின. ஒன்றில் முதல்வர் பெரிசு, மற்றதில் பிரதமர் பெரிசு. 2025 ஜனவரி ஏற்றத்துக்கு ஒரு போஸ்டரையும் காணோம்.

மின்துறை விவகாரத்திலும் அப்படித்தான். தனியார்மயத்தை எதிர்த்து 2022 செப்டம்பர் கடைசியில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் போனார்கள். கரண்ட் போய், ஜனம் ராத்திரியில் ரோட்டில் உட்கார்ந்தது. தனியாரிடம் கொடுத்தால்தான் உருப்படும் என்றவனும், கொடுக்கவே கூடாது என்றவனும் ஒரே மறியலில் பக்கத்துப் பக்கத்தில் விசிறியோடு. "இது டெல்லி முடிவு" என்றார்கள் சிலர். டெல்லியும் நாங்களும் ஒரே கூட்டணி என்றுதானே 2021இல் ஓட்டுக் கேட்டீர்கள், நானும்தானே அதை நம்பிப் பதிவு போட்டேன்.

சரி, பாராட்ட வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். எந்த உதவியும் வாங்காத ஏழைக் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022இல் அறிவித்து, 2023 ஜனவரியில் கொடுக்க ஆரம்பித்தார்கள். தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது 2023 செப்டம்பரில். எட்டு மாதம் எங்கள் பக்கம் முந்தி. அந்த எட்டு மாதமும் நான் அக்காவுக்குப் போன் செய்து, "உங்க ஆள் என்ன கையெழுத்துப் போட்டாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் போனை வைத்துவிடுவாள்.

2024 மக்களவைத் தேர்தலில் இந்தக் கூட்டணி தன் உள்துறை மந்திரியான நமச்சிவாயத்தையே வேட்பாளராக நிறுத்தியது. காங்கிரஸின் வைத்திலிங்கம் ஒரு லட்சத்துக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயித்தார். ஓட்டுக் கேட்டுப் போன இடமெல்லாம் பெண்கள் கேட்ட கேள்வி ரேஷன் கடை எப்போது திறப்பீர்கள் என்பதுதான். நகரத்தில் ரெஸ்டோ பார் என்கிற மது விற்கும் உணவகங்கள் மேல் இருந்த கோபமும் சேர்ந்துகொண்டது. முடிவு வந்தது ஜூனில், ரேஷன் கடை திறந்தது அக்டோபரில், தீபாவளிக்கு முன்னால். ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன். என் கடை வாசலில் யாரும் அப்படி நினைக்கவில்லை.

அதனால் தம்பி மகனுக்கு என் பதில் இது. வந்தது. மூன்றரை வருஷம் கழித்து, ஒரு தேர்தலில் உதை வாங்கிய பிறகு, 10 கிலோ அரிசியும் 2 கிலோ சர்க்கரையுமாக வந்தது. ஒரே கூட்டணி என்பதால் ஃபைல் ஓடும் என்று நான் எழுதியது தப்பு. அந்தப் பதிவை அழிக்கப் போவதில்லை. கீழே நீ கேட்ட கேள்வியும் சேர்ந்து அங்கேயே இருக்கட்டும்.

அந்தத் தீபாவளி வாரம் பின் தெரு அம்மா, அபராதம் பிடித்த கதை சொன்னேனே, அவர்கள்தான், ரேஷன் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். பையை மேஜையில் வைத்து, ஒரு பிடி அரிசியை எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார்கள். ரெண்டு கல்லைப் பொறுக்கிக் கீழே போட்டார்கள். மோசமில்லை என்பது மாதிரி ஒரு தலையாட்டல். அப்புறம் வழக்கம்போல இடுப்புச் சுருக்கிலிருந்து செல்போனை எடுத்து என் பக்கம் நீட்டினார்கள்.

"இதுக்கும் மெசேஜ் வந்திருக்கா பாரு தம்பி."