டிக்கி தொங்குனா ஷாக்கை மாத்தறதுக்குப் பேரு ரிப்பேருங்களா?

காரோட பின்பக்கம் தொங்குதுன்னு பட்டறைக்குக் கொண்டு போனா, குனிஞ்சுகூடப் பார்க்காம "ஷாக் (ஷாக் அப்சார்பர்) போயிருச்சுங்ண்ணா, ரெண்டையும் மாத்திரலாம்"ங்கறாங்க. எரியுதுங்க வயிறு! எடையைத் தாங்கறது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஆடற ஆட்டத்தை அடக்கறதுதான் ஷாக்குக்கு வேலை. கேஸ் ஷாக்கா இருந்தா ஏதோ கொஞ்சம் மேல தள்ளும், அவ்வளவுதான். புது ஷாக்குக்கு பில்லைக் கட்டிட்டு வெளிய வந்தா, டிக்கி தொங்கினபடியேதான் இருக்குது.

திருப்பூர்ல பனியன் பண்டல், பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் மூட்டை, நோம்பின்னா ஒறம்பரை மொத்தமும் ஒரே வண்டியில. இதுக்கு மேல சிஎன்ஜி சிலிண்டர் வேற நிரந்தரமா குந்தியிருக்கும். அளவுக்கு மீறி அமுங்கி அமுங்கி உயரம் குறைஞ்ச காயில், அதாவது சுருள் ஸ்பிரிங், மூட்டையை இறக்கிட்டாலும் திரும்பி எழாது.

அளந்து பார்க்க ஒரு டேப் போதுமுங்க. சமதரையில வண்டியைக் காலியா நிறுத்தி, நாலு டயர்லயும் காத்து சரி பண்ணிட்டு, சக்கரத்து நடுவுல இருந்து மேல இருக்கற வளைவோட விளிம்பு வரைக்கும் அளங்க. இடதுக்கும் வலதுக்கும் 10 மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம் வந்தா ஸ்பிரிங்கையும் அது உக்கார்ற சீட்டையும் சந்தேகப்படலாம். இந்த அளவை எடுக்கற பட்டறை எத்தனைங்க இருக்குது?

அடுத்த கூத்து, தொங்கறதைத் தூக்கறேன்னு காயிலோட சுத்துகளுக்கு நடுவுல திணிக்கற ரப்பர் பஃபர். அது மாட்டின சுத்து வேலை செய்யாது. மிச்ச சுத்துகதான் அத்தனை பாரத்தையும் வாங்கும். உரசற இடத்துல பெயிண்ட் போய், துரு ஏறி, ஒருநாள் காயில் உடையும்.

ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி பின்னாடி ரெண்டு சக்கரத்தையும் சேர்க்கற பீம் இருக்கற வண்டிக்கு ஸ்பிரிங்கை வீட்லயே மாத்தலாம். ஹேண்ட்பிரேக்கை நம்பாதீங்க, அது பிடிக்கறது அந்தரத்துல நிக்கற பின்சக்கரத்தை. முதல் கியர்ல போட்டு முன்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை வைங்க. பாடிக்கு அடியில ஜாக்கி ஸ்டாண்டு. ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுக்கற மகராசன்களே, அது சொல்லாம கொள்ளாம நொறுங்கும், அடியில கெடக்கறது நீங்க!

பீமுக்கு இன்னொரு ஜாக்கி கொடுத்து, ரெண்டு ஷாக்கோட கீழ் போல்ட்டையும் கழட்டி, மெதுவா இறக்குங்க. பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுதான்னு பார்த்துக்கிட்டே இறக்கணும். பெரும்பாலும் ஸ்பிரிங் கையோட வந்துரும். மாத்தறதை ஜோடியாத்தான் மாத்தணும். மேல் கீழ் ரப்பர் சீட்டும், ஸ்பிரிங் முழுசா அமுங்கறப்ப இடியைத் தாங்கற பம்ப் ஸ்டாப் ரப்பர் நைஞ்சிருந்தா அதையும் சேர்த்து. காயிலோட முனை சீட்டுல இருக்கற படியில முட்டி உக்காரலைன்னா 'டக்கு டக்கு'ன்னு சத்தம் வரும். ஷாக் போல்ட்டுக்குக் கடைசி முறுக்கு மட்டும் வண்டி தரையில நின்ன பிறகு கொடுங்க. அந்தரத்துலயே இறுக்கினா போல்ட்டைச் சுத்தி இருக்கற ரப்பர் புஷ் முறுகின நிலையிலயே மாட்டிக்கிட்டு சீக்கிரம் கிழியும். பட்டறையில முக்காவாசிப் பேர் சோம்பேறித்தனமா விடறது இதைத்தான்.

ஆம்னி, பொலிரோ மாதிரி கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வண்டின்னா சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறையில வளைவு ஏத்தித் தருவாங்க, ஆனா மறுபடி இறங்கும். பட்டை சேர்த்தா அதை அச்சோட பிடிக்கற யூ போல்ட்டும் நீளமாப் புதுசு வாங்குங்க.

அப்கிரேடுன்னு கண்ணை மூடிக்கிட்டு தடிச்ச காயிலைத் தூக்கிட்டு வராதீங்க. சுத்தும் விட்டமும் அதேதான், கம்பி மட்டும் 11 மில்லிமீட்டருக்குப் பதிலா 12னா விறைப்பு சுமார் 42 சதவீதம் கூடும். காலி வண்டி இட்டேரியில, அதான் காட்டுப் பக்கத்து மண் தடத்துல, போனா முதுகெலும்பு எண்ணிக்கலாம். அந்த எகிறலை அடக்க அப்பத்தான் பலமான ஷாக் வேணும். எதை மாத்தினாலும் அச்சும் பிரேக்கும் பழசுதான், கூடுதல் மூட்டைக்கு அது அனுமதிச் சீட்டு இல்லை.

சில வண்டியில பாடிக்கும் அச்சுக்கும் நடுவுல ஒரு பிரேக் வால்வு இருக்கும். பின்பக்கம் தொங்கினா நிறைய பாரம்னு நினைச்சு பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வால்பாறை மலையில 40 கொண்டை ஊசி வளைவு, மழை வேற. காலி வண்டியில பின்சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்கினா என்ன ஆகும்? உயரத்தை மாத்தின கையோட அந்த வால்வையும் ஹெட்லைட்டையும் சரி பார்த்துட்டு பில் போடுங்கய்யா!