“பாடி ஃபைன்” என்றான்

மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனில் நான் வேலை பார்த்தபோது எங்கள் கிடங்கில் ஒரு பையன் இருந்தான். 22 வயது. ஒருநாள் மதியம் கிஸ்ஸி ரோட்டில் ஒகாடாவிலிருந்து விழுந்துவிட்டான். ஒகாடா என்றால் அங்கே வாடகை மோட்டார் சைக்கிள். ஓட்டுபவருக்கு ஹெல்மெட் இருந்தாலும் பின்னால் உட்காருபவருக்கு இருக்காது.

எழுந்து உட்கார்ந்துவிட்டான். காதுக்கு மேலே லேசான வீக்கம், அவ்வளவுதான். “ஹவ் டி பாடி?” என்று கேட்டோம். எப்படி இருக்கே என்று அங்கே அப்படித்தான் கேட்பார்கள். “பாடி ஃபைன்”, நல்லா இருக்கேன் என்று சிரித்தான். தண்ணீர்ப் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் குடித்தான். இரண்டு மணி நேரம் கழித்துத் தலை வலிக்கிறது என்று மூட்டைமேல் படுத்தான். அப்புறம் வாந்தி. எழுப்பப் போனபோது ஒரு கண்ணின் பாப்பா மட்டும் அகலமாக விரிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் ஸ்கேன் என்றார்கள். ஸ்கேன் வேறு இடத்தில், பணம் முன்கூட்டியே. நாங்கள் ஐந்து பேர் பையைத் துழாவி லியோன் நோட்டுகளை எண்ணிச் சேர்ப்பதற்குள் அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. விடிவதற்குள் போய்விட்டான். “தலையில ரத்தமே இல்லையே” என்று அவன் அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார்.

ரத்தம் உள்ளே இருந்தது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, பொட்டுப் பக்கம் எலும்பு மெல்லியது, அதற்கு அடியிலேயே ஒரு ரத்தக் குழாய் ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டால் குழாய் கிழிந்து, எலும்புக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தம் தேங்கும். சில மணி நேரம் ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பான். தேங்கியது மூளையை அமுக்கும்போதுதான் சரிவான். நேரத்தோடு எலும்பைத் திறந்து அந்த ரத்தக் கட்டியை எடுத்துவிட்டால் பெரும்பாலோர் பிழைத்து எழுந்து நடப்பார்கள். மூளைக்குள் கத்தி போகவே வேண்டாம்!

சியரா லியோனில் ஏறத்தாழ 80 லட்சம் பேர். நியூரோ சர்ஜன்கள் ஒரு கை விரல்களுக்குள் அடக்கம். 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர். அது முடிந்ததும் துப்பாக்கியைக் கீழே வைத்த இளைஞர்கள் பலர் பிழைப்புக்கு ஒகாடா ஓட்ட வந்தார்கள். 2014-இல் எபோலா. அதே கிஸ்ஸியில் அறுவை செய்துகொண்டிருந்த டாக்டர் மார்ட்டின் சாலியாவையும் அது கொண்டுபோனது.

அதனால் நியூரோ சர்ஜன்கள் பெருகும்வரை காத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நாட்டின் கிழக்கே கோனோ மாவட்டத்தில் அடிபட்டவன் ஃப்ரீடவுன் வர முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். இந்த அறுவையை மாவட்ட ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். டாக்டர் அல்லாத சுகாதார அலுவலர்களுக்கு அங்கே 2011 முதல் அறுவைப் பயிற்சி நடக்கிறது. சிசேரியன் செய்கிறார்கள். குடலிறக்க அறுவையில் அவர்கள் டாக்டர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை என்று 2021-இல் ஆய்வே வந்தது. மண்டை அவ்வளவு எளிதல்ல, சரி. சும்மா துளை போட்டால் போதாது, உறைந்த ரத்தம் கெட்டியாக இருக்கும், எலும்பை அகலமாக எடுக்கத் தெரிய வேண்டும். ஸ்கேன் இல்லாமல் தப்பான பக்கம் திறக்கவும் கூடும். ஆனால் கண் பாப்பா விரிந்தவனைச் சும்மா படுக்க வைத்தால் அவன் சாவது நிச்சயம்.

அப்புறம் பணம். 2010 முதல் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அங்கே இலவச சிகிச்சை உண்டு. ஏழை நாடு துணிந்து செய்த பெரிய காரியம் அது. தலையில் அடிபட்டு வருபவரின் முதல் நாள் செலவையும், அந்த ஸ்கேனையும், அதில் சேர்க்க வேண்டும். பணம் எங்கே என்று மறுநாள் கேட்கட்டும்.