இடது காலுக்கு ஓய்வூதியம்

ஏகாம்பரம்: நீ ஆட்டோ வாங்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். இருபது ஆண்டுகளாக மாதச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இப்படி ஒரு நிலைமை எதற்காக வந்தது என்று கேட்பதற்காகத்தான், இந்த முட்டி வலியோடு மூன்று தெரு நடந்து வந்திருக்கிறேன்.

பரிமளா: நிலைமை நன்றாகத்தான் இருக்கிறது, மாமா. நம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தினமும் போய்வருவதற்கு ஆட்டோதான் சரி என்று ஆறு மாதம் யோசித்து முடிவெடுத்திருக்கிறேன்.

ஏகாம்பரம்: கடன் போட்டா வாங்குகிறாய்?

பரிமளா: பாதி சேமிப்பு, பாதி வங்கிக் கடன்.

ஏகாம்பரம்: பர்மிட் கிடைத்துவிட்டதா?

பரிமளா: சொந்த உபயோகத்துக்குப் பர்மிட் எதற்கு?

ஏகாம்பரம்: சொந்த உபயோகத்துக்கு யாராவது ஆட்டோ வாங்குவார்களா? சவாரியே ஏற்ற மாட்டாயா?

பரிமளா: அம்மாவை ஏற்றுவேன். உங்களையும் ஏற்றுவேன்.

ஏகாம்பரம்: என்னிடமும் காசு வாங்குவாயா?

பரிமளா: சும்மா உட்கார்ந்து வந்தால் வாங்க மாட்டேன், பின் இருக்கையிலிருந்து ஆலோசனை சொன்னால் கிலோமீட்டர் கணக்கில் வாங்குவேன்.

ஏகாம்பரம்: எத்தனை பேர் உட்காரலாம்?

பரிமளா: ஐந்து பேர்.

ஏகாம்பரம்: உன்னை ஏமாற்றுகிறார்கள். டோல்கேட்டில் நிற்கும் ஷேர் ஆட்டோவில் பத்துப் பேர் உட்காருவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பரிமளா: அது அவர்களுடைய சாமர்த்தியம். என்னுடையதில் ஐந்து பேருக்கும் சீட் பெல்ட் இருக்கிறது, ஆறு ஏர்பேக் இருக்கிறது, ஏ.சி. இருக்கிறது.

ஏகாம்பரம்: ஆட்டோவில் ஏ.சி.யா? மஞ்சள் நிறத்தில்தானே வருகிறது?

பரிமளா: வெள்ளை. மாமா, சற்று நில்லுங்கள். நான் வாங்குவது கார். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் கார். அம்மாவுக்கு அந்தச் சொல் முழுவதும் வாயில் நுழையாததால் பாதியோடு நிறுத்தியிருக்கிறாள்.

ஏகாம்பரம்: ஆட்டோமேட்டிக்கா! அதற்கு நீ நிஜமான ஆட்டோவையே வாங்கியிருக்கலாம்.

(மாடியில் குடியிருப்பவன் என்ற முறையில் நான் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கியரைப் பற்றி உபதேசம் செய்வதற்காக அந்த வாரத்தில் அந்த வீட்டுப் படியேறியவர்களில் ஏகாம்பரம் ஐந்தாவது ஆள். முன்னால் வந்த நால்வரில் இருவருக்குக் கார் ஓட்டவே தெரியாது. இவராவது முப்பத்தொரு ஆண்டுகள் அரசுப் பேருந்து ஓட்டி, 2012-இல் ஓய்வு பெற்றவர் என்பதால் பரிமளா நாற்காலி போட்டாள்.)

ஏகாம்பரம்: கியரை மாற்றாமல் வண்டியை ஓட்டுவது ஓட்டுவதே ஆகாது. அந்தக் காலத்துப் பேருந்தில் ஒரு கியர் மாற்றுவதற்கு இரண்டு முறை கிளட்ச் மிதித்தவன் நான். கிளட்சே இல்லாத வண்டியில் உன் இடது கால் என்ன செய்யும்?

பரிமளா: ஓய்வெடுக்கும். நீங்கள் ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றபோது யாராவது ஆட்சேபித்தார்களா?

ஏகாம்பரம்: கால் சும்மா இருக்காது, அம்மா. பழக்க தோஷத்தில் அது கிளட்சைத் தேடும். அந்த இடத்தில் பிரேக் அகப்படும். முழு பலத்தோடு மிதித்துவிடும். நடுச்சாலையில் வண்டி சிலையாக நிற்கும். பின்னால் வருவது கன்டெய்னர் லாரி என்பதை நினைவில் வைத்துக்கொள்.

பரிமளா: அது நியாயமான பயம்தான். ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அதையே சொன்னார். முதல் பத்து நாட்களுக்கு இடது காலை இருக்கையின் அடிப்பக்கமாக மடித்து வைத்துக்கொண்டு, பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் வலது கால் ஒன்றையே பயன்படுத்திப் பழக வேண்டுமாம். ஓய்வு பெற்றவர் மறுநாளும் அலுவலகத்துக்கு வந்து பழைய நாற்காலியில் உட்காரக் கூடாது அல்லவா?

ஏகாம்பரம்: நீ என்னைச் சொல்கிறாயா, காலைச் சொல்கிறாயா?

பரிமளா: காலைத்தான் சொல்கிறேன், மாமா.

ஏகாம்பரம்: சரி, உன் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார்?

பரிமளா: அவருக்கு ஓட்டத் தெரியாது, அதனால் கையால் கியர் மாற்றும் மேனுவல்தான் நல்லது என்று உறுதியாகச் சொல்கிறார். ஷோரூமுக்கு நான் தனியாகப் போய், வண்டியை ஓட்டிப் பார்த்து, கடன் விவரமும் கேட்டு முடித்த பிறகு, அங்கிருந்த விற்பனைப் பிரதிநிதி, ‘சார் எப்போது வந்து பார்ப்பார்?’ என்று கேட்டார். சார் வந்தால் பின்னால்தான் உட்காருவார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏகாம்பரம்: எந்த வகை ஆட்டோமேட்டிக் என்றாவது கேட்டாயா?

பரிமளா: கேட்டேன். ஏ.எம்.டி. என்று சொல்வார்கள். உள்ளே இருப்பது மேனுவல் வண்டியின் அதே கியர் பெட்டியும் அதே கிளட்ச் பிளேட்டும்தான். கிளட்சை அழுத்துவதையும் கியரைத் தள்ளுவதையும் நமக்குப் பதிலாக ஒரு சின்னப் பொறி செய்துகொள்கிறது. நம் நாட்டில் 2014-இல் மாருதியின் செலேரியோ காரில்தான் இது முதலில் வந்தது.

ஏகாம்பரம்: புரிந்துவிட்டது. பானட்டுக்குள் ஒரு கிளீனர் பையன் உட்கார்ந்துகொண்டு உனக்காகக் கிளட்ச் மிதிக்கிறான். அதைப் போய் ஆட்டோமேட்டிக் என்று சொல்லி விற்கிறார்கள்.

பரிமளா: இந்த வாரத்தில் கேட்ட விளக்கங்களிலேயே இதுதான் சரியான விளக்கம், மாமா.

ஏகாம்பரம்: கிளீனருக்குச் சம்பளம் எவ்வளவு?

பரிமளா: மேனுவலைவிட ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபாய் கூடுதல். வாங்கும்போது ஒரே ஒரு தடவை கொடுத்தால் போதும். பேட்டா கேட்க மாட்டான், நடுவழியில் டீ குடிக்க இறங்க மாட்டான். நான்கு மீட்டருக்கு உட்பட்ட சின்னப் பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது அல்லவா, அதில் மிச்சமானதிலிருந்துதான் அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறேன்.

ஏகாம்பரம்: அவன் ஒழுங்காக வேலை செய்ய மாட்டான். என் நண்பரின் மருமகன் வைத்திருக்கிறான். நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது வண்டி ஒரு கணம் யோசிக்கிறது. உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுகிறார்கள்.

பரிமளா: அது உண்மை. மாறும் நேரத்தில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் ஆட்டம் குறைகிறது. எப்படியும் இத்தனை நாள் நீங்கள் எல்லோரும் சொன்னதற்குத் தலையாட்டிக்கொண்டுதானே இருந்தேன். எனக்குப் பழக்கம் இருக்கிறது.

ஏகாம்பரம்: மைலேஜ் கொடுக்காது.

பரிமளா: கொடுக்கும். 2021-இல் வந்த செலேரியோவில் ஏ.எம்.டி.க்குத்தான் லிட்டருக்கு 26.68 கிலோமீட்டர் என்று சான்றளித்தார்கள். அதன் மேனுவலுக்கு அதைவிடக் குறைவு.

ஏகாம்பரம்: சான்று கொடுத்த இடத்தில் நம் சென்னைத் துறைமுகத்து ஜீரோ கேட் மாதிரி நெரிசல் இருந்ததா?

பரிமளா: இல்லை. அங்கே நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்.

(இந்த ஒரு கேள்விக்காக ஏகாம்பரத்துக்கு என் பங்குக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம் என்று தோன்றியது.)

ஏகாம்பரம்: மூலக்கடை மேம்பாலத்தில் ஏறும்போது நடுவில் நின்றுவிட்டால் உன் கிளீனர் வண்டியைப் பின்னால் உருளவிடுவான். நானாக இருந்தால் கிளட்சைப் பாதி மட்டும் மிதித்து, ஹாஃப் கிளட்சில் அப்படியே நிறுத்திப் பிடித்திருப்பேன்.

பரிமளா: அப்படிப் பிடித்தால் கிளட்ச் பிளேட் கருகும். ஏ.எம்.டி.யிலும் சரிவில் ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தால் அதே பிளேட் அதே மாதிரி கருகும். அதனால் சரிவில் பிரேக்கில்தான் நிற்க வேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் ஓரிரு நொடி வண்டி உருளாமல் பிடித்துவைக்கும் வசதி இதில் இருக்கிறது.

ஏகாம்பரம்: பேட்டரி செத்துவிட்டால்? மேனுவல் என்றால் இரண்டாவது கியரில் போட்டு, நான்கு பேர் தள்ளினால், கிளட்சை விட்டதும் கிளம்பிவிடும்.

பரிமளா: நம் தெருவில் ஆலோசனை சொல்ல நாற்பது பேர் வருவார்கள். தள்ளுவதற்கு நான்கு பேரை எங்கே தேடுவேன்?

ஏகாம்பரம்: கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைத் தண்ணீரில் நின்றுவிட்டால்?

பரிமளா: தண்ணீரில் நின்ற வண்டியைத் தள்ளியும் கிளப்பக் கூடாது, சாவியைத் திருப்பியும் கிளப்பக் கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் மேனுவலாக இருந்தாலும் ஆட்டோமேட்டிக்காக இருந்தாலும் செலவு ஒன்றுதான். அந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது நான் போகவே மாட்டேன். அதற்குக் கியர் தேவையில்லை, கண் இருந்தால் போதும்.

ஏகாம்பரம்: எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறாய். ஆனாலும் இடது கால் சும்மா இருப்பது எனக்கு ஒப்பவில்லை.

பரிமளா: மாமா, தம்பியின் பழைய காரை ஆறு மாதமாக நான்தான் ஓட்டுகிறேன். கன்டெய்னர் லாரிகள் போகும் சாலைக்குப் பெயர் எண்ணூர் விரைவுச் சாலை. அதில் ஒரு நாள் மாலை கன்டெய்னர் வரிசைக்குப் பக்கத்தில் ஊர்ந்தபோது, எத்தனை முறை கிளட்ச் மிதிக்கிறேன் என்று எண்ணத் தொடங்கினேன். இருநூறைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். வரிசை மட்டும் நிற்கவில்லை, அதாவது நின்றுகொண்டேதான் இருந்தது. வீட்டுக்கு வந்து மாடிப்படி ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது ஒன்று கேட்கிறேன். நீங்கள் வந்ததிலிருந்து தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்களே, அது எந்தக் கால்?

ஏகாம்பரம்: இது வாதம்.

பரிமளா: எந்தக் காலில் வாதம்?

ஏகாம்பரம்: வாதத்துக்கு இடது வலது கிடையாது.

பரிமளா: தைலத்துக்கு இருக்கிறதே. அரை மணி நேரமாக ஒரே முட்டியில்தான் போகிறது.

ஏகாம்பரம்: முப்பத்தொரு ஆண்டுகள் மிதித்த கால், அம்மா. அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது.

பரிமளா: அதற்கு ஓய்வூதியம் வந்ததா? ஓய்வூதியம் உங்களுக்கு வந்தது, தைலம் காலுக்கு வந்தது. என் காலுக்கு நான் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறேன்.

ஏகாம்பரம்: பேருந்தில் இந்தச் சொகுசு எல்லாம் கிடையாது.

பரிமளா: வந்துவிட்டது, மாமா. 2025 ஜூன் 30-ஆம் தேதி நம் வியாசர்பாடி பணிமனையிலிருந்துதான் 120 மின்சாரப் பேருந்துகளை விட்டார்கள். அவற்றில் கிளட்ச் எங்கே இருக்கிறது?

ஏகாம்பரம்: அவற்றை ஓட்டுகிறவர்களை நான் ஓட்டுநர் என்று சொல்ல மாட்டேன். லிப்ட் இயக்குகிறவர்கள் என்று சொல்லலாம்.

பரிமளா: இன்னும் பதினைந்து ஆண்டுகள் கழித்து அவர்கள் யாருடைய வீட்டுக்காவது நடந்துபோய் உபதேசம் செய்யும்போது, இரண்டு முட்டியும் வலிக்காமல் போவார்கள்.

ஏகாம்பரம்: கியர் இல்லாத வண்டிக்கு அரசாங்கம் எப்படித்தான் உரிமம் கொடுக்கிறதோ?

பரிமளா: கார் உரிமத்தில் அப்படி ஒரு பிரிவே கிடையாது, இரண்டு வகைக் காருக்கும் ஒரே உரிமம்தான். கியர் உள்ளது, கியர் இல்லாதது என்று பிரித்து எழுதுவது இருசக்கர வண்டிக்குத்தான். அந்தப் பேச்சை எடுத்தது நல்லதாகப் போயிற்று. பத்து ஆண்டுகளுக்கு முன்னால் நான் கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கியபோது, இந்தப் படியில் ஒருவர்கூட ஏறி வரவில்லை. இடது கால் என்ன செய்யும் என்று யாரும் கவலைப்படவில்லை. உங்கள் மகனும் இன்று அதே வகை ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போகிறான். அதனால் அவனுடைய மானம் போய்விட்டதாக நான் கேள்விப்படவில்லை. பெண்ணுக்கு ஸ்கூட்டர் என்றால் காய்கறி வாங்கிவரும் வண்டி, எதையாவது வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டீர்கள். கார் என்றதும்தான் அது குடும்பத்தின் வண்டியாகிவிட்டது. ஆளாளுக்கு ஒரு கியர் கையில் வந்துவிட்டது. மாதத் தவணை மட்டும் இன்னமும் என் கையிலேயே இருக்கிறது.

ஏகாம்பரம்: நான் உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்.

பரிமளா: அதனால்தான் நாற்காலி போட்டேன். மற்ற நால்வரும் நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஏகாம்பரம்: உன் ஆட்டோ எப்போது கைக்கு வரும்?

பரிமளா: கார், மாமா. மூன்று வாரத்தில் வரும்.

ஏகாம்பரம்: வெள்ளிக்கிழமை முட்டியைக் காட்டுவதற்கு ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போக வேண்டும். உன் ஆட்டோவும் வரவில்லை. நான் எதில் போவது?

பரிமளா: ஆட்டோவில் போங்கள்.

ஏகாம்பரம்: எந்த ஆட்டோவைச் சொல்கிறாய்?

பரிமளா: மூன்று சக்கரம், மஞ்சள் நிறம். உங்கள் மனத்துக்குப் பிடித்த மாதிரி அதில் கியரும் உண்டு, கிளட்சும் உண்டு. ஆனால் இரண்டும் ஓட்டுநரின் இடது கையில்தான் இருக்கும். அவருடைய இடது காலுக்கு ஒரு வேலையும் கிடையாது. பாதி நேரம் அதை மடித்து இருக்கையின் மேலேயே போட்டுக்கொண்டு ஓட்டுவார். அந்தக் காலின் மானத்தைப் பற்றிப் போகும் வழியில் அவரிடம் விசாரித்துக்கொண்டே போங்கள்.

ஏகாம்பரம்: அதெல்லாம் இருக்கட்டும். மீட்டர் போடுவானா?