அசோகமித்திரன் நாவல்களின் வரிசை பற்றி

ஒரு நண்பர், "அசோகமித்திரன் முதலில் தன் செகந்திராபாத் இளமையை '18வது அட்சக்கோடு' என்று எழுதினார், கை பழகிய பிறகுதான் சென்னையைத் தொட்டார்" என்கிறார். வரிசை தலைகீழாக இருக்கிறது. கதை நடக்கும் வருஷத்தையும் எழுதிய வருஷத்தையும் போட்டுக் குழப்பியதால் வந்த வினை என்று நினைக்கிறேன்.

'கரைந்த நிழல்கள்' 1969. 'தண்ணீர்' 1973. இரண்டுமே சென்னைதான். 1948 ஹைதராபாத் கலவரத்தைப் பேசும் '18வது அட்சக்கோடு' புத்தகமாக வந்தது 1977இல். ஜெமினி ஸ்டூடியோ வேலையை 1966இல் விட்டவர் சினிமாக்காரர்களைக் 'கரைந்த நிழல்க'ளில் சுடச்சுட எழுதிவிட்டார்; சொந்த ஊரை எழுத முப்பது வருஷம் ஆறப்போட்டார்.

அதனால் "தொடக்ககாலத் தடுமாற்றம்" என்று '18வது அட்சக்கோடு' நாயகன் சந்திரசேகரன் கதையைத் தள்ளுவதும் சரியில்லை. சென்னைத் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பேசும் 'தண்ணீர்' நாவலில் டீச்சரம்மா நாயகி ஜமுனாவிடம் தன் கல்யாண வாழ்க்கையைச் சொல்லும் இடத்தைப் படித்துப் பாருங்கள். ஒப்பாரி கிடையாது, குடம் தூக்குகிறவள் பேசுகிற தொனி. அந்த அடங்கிய குரல் முன்பே கைவந்தவர்தான் பிறகு சந்திரசேகரனை எழுதினார்.

வளர்ச்சியைப் பார்க்க வேண்டுமென்றால் 'கரைந்த நிழல்க'ளை 1989இல் வந்த 'மானசரோவர்' பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் சினிமா உலகம். முன்னதில் தயாரிப்பு நிர்வாகி நடராஜன், ரெட்டியார் என்று ஆள் மாறிக்கொண்டே போகும். பின்னதில் நடிகன், எழுத்தாளன் என இரண்டே பேர் மாறி மாறித் தன்கதை சொல்கிறார்கள். எனக்கென்னவோ முதல் நாவல்தான் இன்னும் ஒரு படி மேலே. வயசு ஏற ஏற எழுத்தும் ஏறும் என்ற கணக்கு இவரிடம் செல்லாது.