"அப்படியே உக்காந்துக்கும்ங்ணா"

இந்த ஒரு பேச்சை நம்பித்தான் அப்பாவின் காரைக் கெடுத்துக்கொண்டேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கார் 1994 மாருதி 800. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று திரும்பும்போது இடது முன்பக்க ஃபெண்டரை, அதாவது முன்சக்கரத்துக்கு மேலே மூடியிருக்கும் தகரத்தை, கிழித்துவிட்டது. சரி, வேறு வாங்கிப் போடலாம் என்று கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடைகளை ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். என் மாடலுக்கு எங்கேயும் இல்லை. கடைசியில் ஒருவர் 2003 வண்டியின் ஃபெண்டரை எடுத்து நீட்டினார். "800 எல்லாம் ஒரே வண்டிங்ணா, மூக்கு மட்டுந்தான் வேற. அப்படியே உக்காந்துக்கும்."

அய்யா, நான் வாங்க வந்ததே அந்த மூக்கைத்தானே! இருந்தும் அவரை நம்பி வாங்கிக்கொண்டு போய்ப் பட்டறையில் கொடுத்தேன்.

1986-இல் வந்த உடம்புதான் கடைசி வரை ஓடியது என்பது உண்மை. கூரை, கதவெல்லாம் பெரும்பாலும் அதே அச்சுதான். ஆனால் 1997-இல் முன்பக்கத்தை உருட்டிவிட்டார்கள். பானெட், ஹெட்லைட், கிரில், பம்பர் எல்லாம் சேர்ந்தே மாறின. ஃபெண்டர் இந்தக் கூட்டத்தில் ஒன்று. அதை மட்டும் தனியாகப் பிரித்துப் பழைய வண்டியில் மாட்டினால் எப்படிச் சேரும்? பின்னால் கதவுப் பக்கம் போல்ட் பிடித்தது. முன்னால், என் பழைய சதுர ஹெட்லைட்டுக்கும் தகரத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் கேப். பானெட் ஓரம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

மாட்டிப் பார்த்தாயிற்று, சேரவில்லை. அந்த இடத்திலேயே எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். பட்டறையில் அதைச் செய்யவில்லை, கிரைண்டரை எடுத்தார்கள். புது ஃபெண்டரின் முனையை அறுத்து, என் பழைய ஃபெண்டரின் முனையையும் அறுத்து, இரண்டையும் கேஸ் வெல்டிங்கில் ஒட்டினார்கள். மெல்லிய தகரம் சூட்டில் நெளியத்தானே செய்யும்? நெளிந்த இடமெல்லாம் பள்ளம் நிரப்பும் பட்டிப் பசையை அப்பி, தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். வெயிலில் பளபளவென்று இருந்தது. எடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, வெல்டிங் போன கோட்டிலேயே பட்டி வெடித்தது. உள்ளே துரு.

முன்பக்கம் முழுவதையும் செட்டாக மாற்றுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பானெட், இரண்டு ஃபெண்டர், லைட், கிரில், பம்பர் என்று எல்லாம் ஒரே மாடலில் எடுத்து, அளந்து பொருத்தினால் அது வேலை. அதற்கு இவ்வளவு ஆகும், வேண்டுமா வேண்டாமா என்று முதலிலேயே சொல்லலாமே? ஆர்.சி. புதுப்பிக்கும்போது வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டியவன் நான்தான். தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கே இந்தக் கேரளத்திலிருந்து போனதுதான். இந்த ஒட்டு வேலையைக் காட்டி நான் என்ன பதில் சொல்வது?

எல்லாவற்றையும்விட வயிறு எரிவது வேறொன்றுக்கு. பிறகு பாலக்காட்டுச் சித்தூரில் வயதான டிங்கர் ஒருவரிடம் காட்டினேன். விபத்தன்று எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு, "இதத் தட்டி எடுத்திருக்கலாமே தம்பி, கிழிசல் சின்னதுதானே" என்றார். பழைய ஃபெண்டரைத் தேடிப் பட்டறைக்கு ஓடினேன். அறுத்தது போக மீதியை எடைக்குப் போட்டுவிட்டார்களாம். முப்பது வருஷம் அந்த வண்டியில் இருந்த தகரம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.